புலி இல்லாத நாட்டில் ஒரு புலிக்கூண்டு

கடந்த விடுமுறையில் அக்காவின் மகனைத் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போனோம். தெமட்டகொடைக்குத் திரும்பும் வழியில், பஸ்ஸுக்குள் அவன் "புலி, புலி" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். அம்மா பதறிப்போய் அவன் வாயைப் பொத்தினார். சோதனைச்சாவடிக் காலத்துக் கொழும்பை அவர் மறக்கவில்லை. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டான்: "சித்தி, வன்னிக் காட்டிலயும் புலி இருக்கா?"

இல்லை. குருவிட்டையில் கிடைத்த எலும்பு எச்சங்கள் சுமார் 16,500 ஆண்டுகளுக்கு முன் இங்கு புலி வாழ்ந்ததைக் காட்டுகின்றன. இன்று எமது காடுகளில் இருப்பது சிறுத்தை. சிங்களத்தில் 'கொட்டியா' என்ற சொல் இரண்டையும் குறிக்கிறது. வரியிருந்தால் புலி, புள்ளியிருந்தால் சிறுத்தை.

நூறாண்டுகளுக்கு முன் ஆசியாவில் சுமார் ஒரு இலட்சம் புலிகள் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. 2010 அளவில் அது 3,200 ஆகக் குறைந்தது. பாலி, ஜாவா, கஸ்பியன் புலிகள் அடியோடு அழிந்துவிட்டன. இன்று காடுகளில் ஏறக்குறைய 5,500 புலிகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி, 1973 இல் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கிய இந்தியாவில்தான்.

சீனா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளில் சுமார் 8,000 புலிகள் அடைபட்டுள்ளன. காட்டில் உள்ளதைவிட இது அதிகம். அப்படியானால் புலி இனம் தப்பிவிட்டதா? இல்லை. குட்டி இரண்டு வருடம்வரை தாயோடு திரிந்தே வேட்டையாடப் பழகுகிறது. கூண்டில் அதற்கு வழியில்லை. ஒரு புலிக்கு வருடத்துக்குச் சுமார் 50 மான்களாவது வேண்டும். அதற்கேற்ற காடும் வேண்டும். கூண்டுப் புலிகள் பலவற்றில் இனங்களும் கலந்துவிட்டன. நாம் வியந்து பார்க்கும் வெள்ளைப்புலி தனி இனமே அல்ல. 1951 இல் இந்தியாவின் ரேவாவில் பிடிபட்ட ஒரு குட்டியின் வழியில், நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இணைசேர்த்துப் பெருக்கப்பட்டது அது. ஆனாலும் தென்சீனப் புலி இன்று எஞ்சியிருப்பது கூண்டுகளில் மட்டுமே. கடைசிக் காப்பாக மிருகக்காட்சிசாலை உதவலாம், காட்டுக்கு ஈடாகாது.

எமது சிறுத்தையின் நிலையும் இதுவே. முழு நாட்டிலும் வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவு என்பது மதிப்பீடு. 2020 மே மாதம் நல்லதண்ணியில் பன்றிக்கு வைக்கும் கம்பித் தடத்தில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை, மூன்று நாளில் இறந்தது. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில், வனஜீவராசிகள் உத்தியோகத்தர் உட்பட சுமார் பத்துப் பேரைக் காயப்படுத்திய சிறுத்தையை ஊரவர் அடித்துக் கொன்றனர். வீடியோ பரவியது, கைதுகளும் நடந்தன.

அந்தச் சனத்தின் பயம் பொய்யில்லை. இடம்பெயர்ந்து, மீண்டும் வந்து, காட்டோரத்தில் பிள்ளைகுட்டிகளோடு வாழ்பவர்கள் அவர்கள். ஆனால் கூட்டம் சுற்றி வளைத்தால் எந்த மிருகமும் பாயும். சிறுத்தையைக் கண்டால் விலகி நின்று, அது போக வழிவிட்டு, திணைக்களத்துக்கு அறிவிப்பதே பாதுகாப்பு. திணைக்களமும் நேரத்துக்கு வரவேண்டும். வேலியோரத் தடங்களை அகற்றவேண்டும்.

மகனுக்கு நான் சொன்ன பதில் இது: "வன்னியில புலி இல்ல, சிறுத்தை இருக்கு. நீ பெரியவனாகும்போதும் இருக்கவேணும்."