செட்டிநாட்டு இல்லங்களின் கலப்பு அலங்காரமும் தனிமனித விருப்பமும்: பொருள்சார் பண்பாட்டு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பல நாட்டுப் பொருள்களையும் பல காலத்துப் பாணிகளையும் ஒரே இல்லத்தில் சேர்த்து வைக்கும் கலப்பு அலங்காரம் இந்திய நகரங்களில் இன்று பெரிதும் விரும்பப்படுகிறது. அதற்கான பொருள்களைத் தரும் இடங்களுள் செட்டிநாடு குறிப்பிடத்தக்கது. நாட்டுக்கோட்டை நகரத்தார் இல்லங்களில் இக்கலப்பு எவ்வாறு உருவாயிற்று, அதனை ஒழுங்குபடுத்திய விதிகள் யாவை, அன்றாடத் தனிமனித விருப்பங்களுக்கு அதில் என்ன இடம் இருந்தது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பொருள்கள் இல்லத்தைவிட்டு நீங்கும்போது இழக்கப்படும் சான்றுகளையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: செட்டிநாடு, நகரத்தார், சீர், மங்குச் சாமான், விலாசம், கலப்பு அலங்காரம், பொருள்சார் பண்பாடு

முன்னுரை

வீட்டில் உள்ள பொருள்கள் அவ்வீட்டாரின் செல்வத்தை மட்டும் உணர்த்துவதில்லை. அவர்கள் எங்குச் சென்றார்கள், யாரோடு உறவுகொண்டார்கள், எதனை விரும்பினார்கள் என்பவற்றையும் உணர்த்துகின்றன. தமிழ் இலக்கியம் இதனைத் தொன்றுதொட்டு அறிந்திருக்கிறது. நெடுநல்வாடை அரண்மனையை வருணிக்கையில், யவனர் செய்த பாவை விளக்கினையும் ஒரு பொருளாகக் காட்டுகிறது. அயல்நாட்டார் கைவினை அங்கே தமிழ் அரசியின் இல்லத்து ஒளியாகிறது. இதனைக்கொண்டு சங்க காலத்திற்கும் செட்டிநாட்டிற்கும் நேரான தொடர்ச்சி உண்டென நிறுவ இயலாது. எனினும், அயற்பொருளை அகத்தின் பொருளாக ஏற்றல் தமிழ்ச் சூழலுக்குப் புதியதன்று என்பது தெளிவாகும்.

நகரத்தார் குறித்த ஆய்வுகளுள் டேவிட் வெஸ்ட் ருட்னரின் நூல் (1994) வணிகம், சாதி அமைப்பு ஆகியவற்றையும், யூகோ நிஷிமுராவின் நூல் (1998) உறவுமுறை, பெண்களின் சொத்துரிமை ஆகியவற்றையும் மையமாகக் கொண்டவை. கட்டடக்கலை பற்றிய எழுத்துகளும் பல உள்ளன. வீட்டினுள் இருந்த சிறு பொருள்களோ பெரும்பாலும் 'பழம்பொருள்' என்னும் ஒரே தலைப்பில் அடக்கப்படுகின்றன. அவ்வாறு அடக்குவதால் எவை மறைகின்றன என்பதே இக்கட்டுரையின் வினா.

கலப்பின் வரலாற்றுக் காரணம்

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டு ஊர்களின் பெரிய வீடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1940-கள் வரையிலான காலத்தில் மிகுதியாகக் கட்டப்பட்டன. இக்காலவரையறைக்குக் காரணம் உண்டு. 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பர்மா அரிசிக்கான ஐரோப்பியச் சந்தை விரிந்தது. ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தில் புதிதாக நெல் விளைவித்தோருக்குக் கடன் தேவைப்பட்டது. அக்கடனை வழங்கியவர்களுள் நகரத்தார் முதன்மையானவர்கள். இலங்கை, மலாயா, சிங்கப்பூர், சைகோன் ஆகிய இடங்களிலும் அவர்களுடைய கடைகள் இயங்கின.

ஆடவர் பல்லாண்டுகள் கடல் கடந்து தொழில் செய்ய, குடும்பம் ஊரில் தங்கியது. ஈட்டிய பொருள் வீடாகவும், கோயில் திருப்பணியாகவும், சீராகவும் ஊர் திரும்பியது. பர்மாத் தேக்கு தூணாயிற்று. இத்தாலியச் சலவைக்கல் தரையாயிற்று. பெல்ஜியக் கண்ணாடி சுவரில் ஏறியது. ஜப்பானிய, ஆங்கிலேயப் பூ ஓடுகள் சுவரின் கீழ்ப்பகுதியை அழகுசெய்தன. பர்மிய அரக்குப் பெட்டிகள் அறைக்குள் இடம்பெற்றன.

இவற்றோடு உள்ளூர்க் கைவினையும் இணையாக நின்றது. ஆத்தங்குடி ஓடு இதற்குச் சிறந்த சான்று. கண்ணாடித் தகட்டின்மீது உலோக அச்சினை வைத்து, வண்ணம் கலந்த சிமிட்டிக் குழம்பினைக் கையால் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமிட்டியும் இட்டு நிரப்பி, நீரில் பதப்படுத்தி உலர்த்துவர். கண்ணாடியை நீக்கியதும் அதன் வழவழப்பு ஓட்டின் முகத்தில் நிற்கும். சூளையில் சுடப்படாத இவ்வோடு, இறக்குமதி ஓட்டின் அழகியலை உள்ளூர் மணலிலும் உள்ளூர்க் கைகளிலும் மறுபடி பிறப்பித்தது. எனவே செட்டிநாட்டின் கலப்பினை அயற்பொருளைச் சேர்த்தல் என்று மட்டும் கருதாமல், அயற்பொருளுக்கு உள்ளூர்க் கைவினை அளித்த மறுமொழி என்றும் கொள்ளவேண்டும்.

இடமறிந்து வைத்தல்

பல்வகைப் பொருள்கள் ஒரே வீட்டில் இருந்தும் அவை குழப்பமாகத் தோன்றாததற்குக் காரணம், வீட்டின் கட்டுகளே அவற்றை வகைப்படுத்தியமையாகும். முகப்பும் திண்ணையும் வெளியாருக்குரியவை. வணிகப் பேச்சும் விருந்தினர் வரவேற்பும் நிகழும் அவ்விடத்தில் சலவைக்கல், பெருங்கண்ணாடி, தொங்கு விளக்கு முதலியன அமைந்தன. வாயில் நிலையில் திருமகள் உருவம் செதுக்கப்பட்டது. அதனைக் கடந்தால் வானம் நோக்கித் திறந்த வளவு. திருமணம் முதலான சடங்குகள் நிகழும் வளவின் சுவர்களில் முன்னோர் படங்களும் தெய்வப் படங்களும் வரிசையாக மாட்டப்பட்டன. வளவைச் சுற்றிய அறைகள் மணமான மகன்களுக்கு உரியவை. அதற்கும் பின்னே இரண்டாங்கட்டும் அடுப்படியும் பெண்களின் உழைப்புக்களமாக விளங்கின.

இவ்வொழுங்கில் முகப்பு உலகை நோக்கியது. வளவு குலத்தை நோக்கியது. அறை தனிக்குடும்பத்தை நோக்கியது. நகரத்தாரிடம் மணமான இணை ஒரு 'புள்ளி'யாகக் கணக்கிடப்படுவதும், 'வேறு வைத்தல்' என்னும் வழக்கத்தால் அப்புள்ளிக்குத் தனி அடுப்பும் தனி வரவுசெலவும் அமைவதும் இங்கு நினைக்கத்தக்கன. ஒரே கூரையின்கீழ் பல குடும்பங்கள் வாழ்ந்தன. அவற்றின் உடைமைகள் கலக்கவில்லை. ஆகவே, வெளியாரின் கண்ணுக்கு ஒரே தொகுதியாகத் தோன்றும் வீட்டுப்பொருள்கள், உண்மையில் பொதுவுடைமை, புள்ளியின் உடைமை, பெண்ணின் உடைமை எனப் பிரிவுபட்டவை.

சீரும் சேகரிப்பும்

பெண்ணின் உடைமையில் தலையாயது சீர். வெள்ளி, பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், மரச்சாமான், கொட்டான், மங்குச் சாமான் எனச் சீர்ப் பொருள்கள் வகைவகையாகவும் அளவு வரிசையாகவும் வழங்கப்பட்டன. திருமணத்தில் அவற்றை உறவினர் காணுமாறு பரப்பிவைக்கும் வழக்கமும் உண்டு. எனாமல் பூசிய இரும்புப் பாத்திரத்தைக் குறிக்கும் 'மங்கு' என்னும் சொல்லே, கிண்ணத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லோடு தொடர்புடையது. பொருள் வந்த வழியைச் சொல்லும் காட்டுகிறது.

இச்சேகரிப்பில் தேவையைக் கடந்த ஒன்று தென்படுகிறது. ஒரே வடிவத் தூக்கினைப் பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக வைத்திருத்தலும், ஒரே நிறப் பாத்திரங்களைத் தேடிச் சேர்த்தலும் சமையலின் தேவையால் மட்டும் விளையா. பெரும்பகுதி பயன்படுத்தப்படாமலே வைப்பறையில் இருந்தது. இதனை வீண்செலவு எனக் கருதுவது எளிது. ஆயினும் இப்பொருள்கள் பெண்ணின் பெயரில் நின்ற உடைமைகள் என்பதும், அடுத்த தலைமுறைச் சீருக்கான இருப்பு என்பதும், கணவர் கடல் கடந்திருந்த காலத்தில் வீட்டினை ஆண்ட பெண்ணின் தெரிவுக்கு இடமளித்த களம் என்பதும் மறக்கத்தக்கனவல்ல.

பெண்ணின் தனி விருப்பம் மேலும் தெளிவாக வெளிப்படும் இடம் கைவேலை. பனையோலையை வண்ணமிட்டு முடையும் கொட்டான் சடங்குக்குரிய பொருள். எனினும் அதன் வடிவக் கணக்கும் நிறச் சேர்க்கையும் முடைபவரின் தெரிவுகள். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது இன்று அதனை ஒரு வட்டாரத்தின் அடையாளமாக்கியுள்ளது. ஒருகாலத்தில் அது ஒரு வீட்டின், ஒரு பெண்ணின் அடையாளமாகவும் இருந்தது.

இரவிவர்மா பாணி அச்சுப் படங்களில் இத்தனித்தன்மை வியப்புக்குரிய முறையில் வெளிப்படுகிறது. இரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் தெய்வப் படங்களைப் பல்லாயிரம் படிகளாக அச்சிட்டது. எல்லா வீட்டிலும் ஒரே திருமகள், ஒரே கலைமகள். அப்படங்களில் இருந்த தெய்வத்துக்குச் சரிகைத் துணியால் புடைவை ஒட்டி, மணியும் சமிக்கியும் தைத்து, கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டினர். இயந்திரம் ஒன்றுபோல் செய்ததை ஊசி வேறுவேறாக்கியது. இந்தியத் தெய்வ அச்சுப்படங்களை ஆராய்ந்த கிறிஸ்டோபர் பின்னி (2004) அவற்றைக் காண்போரின் வழிபாட்டு உறவினை முதன்மைப்படுத்துகிறார். அவ்வுறவு பார்வையால் மட்டுமன்றிக் கைவேலையாலும் நிறைவுற்றது என்பதற்குச் செட்டிநாட்டுப் படங்கள் சான்றாகும்.

பாத்திரம் என்னும் ஆவணம்

பொருள்களை ஆவணமாகப் படிக்க இருவகைக் குறிகள் துணைசெய்கின்றன. முதலாவது, அடியில் உள்ள உற்பத்தி முத்திரை. மங்குச் சாமான்களில் ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் முதலிய நாடுகளின் பெயர்கள் காணப்படுகின்றன. செக்கோஸ்லோவாக்கியா என்னும் நாடு 1918-இல்தான் தோன்றியது. ஆகவே அம்முத்திரை தாங்கிய பாத்திரம் அதற்கு முற்பட்டதாக இருக்க இயலாது. 'நூறாண்டுக்கும் மேற்பட்டது', 'பாட்டியின் பாட்டி காலத்தது' என்னும் விற்பனைக் கூற்றுகளைச் சரிபார்க்க இவ்வெளிய முறை உதவும்.

இரண்டாவது, உடைமையாளர் வெட்டுவித்த எழுத்துகள். நகரத்தார் குடும்பங்களை அடையாளப்படுத்துவது 'விலாசம்' என்னும் முன்னெழுத்துத் தொடர். பித்தளை, வெண்கலம், வெள்ளிப் பாத்திரங்களின் விளிம்பில் விலாசமும், சிலவற்றில் பெயரும் வெட்டப்பட்டிருக்கும். இவ்வெழுத்துகளைச் சீர்ச் சிட்டைகளோடும் குடும்பத்தார் நினைவோடும் ஒப்பிட்டால், ஒரு பாத்திரம் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டிற்கு, யாருடைய திருமணத்தில் வந்தது என்பதை அறியலாம். கல்வெட்டுப் படிப்போர் கற்களுக்குத் தரும் கவனம் இவ்விளிம்புகளுக்கும் தகும். ஆண்களின் பேரேடுகள் வணிக வரலாற்றுக்குச் சான்றாவதுபோல, பெண்களின் பாத்திரங்கள் உறவு வரலாற்றுக்குச் சான்றாகின்றன.

இல்லம் நீங்கிய பொருள்கள்

1930-களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் கடனைத் திருப்பித்தர இயலாத உழவர்களின் நிலங்கள் நகரத்தாரிடம் சேர்ந்தன. பணம் நிலமாக முடங்கியது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டமியற்றியதும் அந்நிலங்களையும் பறித்தன. பெருவீடுகளைப் பேணுதற்கான வருவாய் வற்றியது. குடும்பங்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தன. ஒரு வீட்டின் பங்காளிகள் தலைமுறைதோறும் பெருக, பழுதுபார்க்கும் செலவிலும் முடிவிலும் ஒன்றுபடுதல் அரிதாயிற்று. பிரித்து விற்பது எளிய தீர்வாயிற்று.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூண், நிலைக்கதவு, மங்குச் சாமான், முன்னோர் நிழற்படம் ஆகியன பக்கம் பக்கமாக விற்பனைக்கு உள்ளன. அங்கிருந்து நகரக் குடியிருப்புகளுக்குச் செல்லும் கதவு மேசையாகிறது, தூக்கு பூந்தொட்டியாகிறது, பெயர் தெரியாத ஒருவரின் நிழற்படம் உணவகச் சுவரின் அழகாகிறது.

பொருள்களுக்கும் வாழ்க்கை வரலாறு உண்டு என்னும் இகோர் கோபிடாஃபின் கருத்து (1986) இங்குப் பொருந்துகிறது. விற்பனைக்கு வரும் பொருள் பண்டமாகிறது. வாங்குபவர் அதனை விரும்பித் தம் இல்லத்தில் வைக்கும்போது மீண்டும் தனித்தன்மை பெறுகிறது. ஆகவே நகரத்தில் இப்பொருளை வாங்குபவரின் விருப்பத்தைப் போலி எனத் தள்ளுதல் நேர்மையாகாது. பயன்பாட்டைக் கடந்து ஒரு பாத்திரத்தை விரும்பிய செட்டிநாட்டுப் பெண்ணின் ஆர்வத்திற்கும், அதே பாத்திரத்தைத் தேடி வாங்கும் இன்றையவரின் ஆர்வத்திற்கும் உறவுண்டு. அவர் வாங்கியதாலேயே உருக்கப்படாமல் தப்பிய பொருள்களும் இருக்கும். வேறுபாடு ஒன்றே: முன்னவர் அப்பொருள் யார் தந்தது என்பதை அறிந்திருந்தார், பின்னவர்க்கு அது சொல்லப்படவில்லை.

அருங்காட்சியகங்களும் இச்சிக்கலை முழுமையாகத் தீர்ப்பதில்லை. 1996-இல் திறக்கப்பட்ட முட்டுக்காடு தட்சிணசித்திராவில் செட்டிநாட்டு வீடு ஒன்று மறுபடி எழுப்பப்பட்டுள்ளது. கட்டுகளின் ஒழுங்கினை மாணவர் அங்குக் காணலாம். 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. இவ்விரண்டும் கட்டடத்தைக் காக்கத் துணைபுரிவன. வைப்பறையில் உள்ள தூக்கின் விளிம்பெழுத்தினைக் காப்பது கட்டடப் பாதுகாப்பின் எல்லைக்குள் அடங்குவதில்லை.

முடிவுரை

செட்டிநாட்டு இல்லத்தின் கலப்பு அலங்காரம் தற்செயலாகக் குவிந்ததன்று. கடல் வணிகம் பொருள்களைத் தந்தது. வீட்டின் கட்டுகள் அவற்றுக்கு இடம் வகுத்தன. சீர் அவற்றுக்கு உரிமையாளரை வகுத்தது. அவ்வெல்லைக்குள் பெண்களின் விருப்பம் நிறத்தையும் வரிசையையும் கைவேலையையும் தெரிந்துகொண்டது. இந்நான்கனுள் இன்று சந்தையில் கைம்மாறுவது பொருள் மட்டுமே.

விற்பனையைத் தடுத்தல் ஆய்வாளரின் பணியன்று. பங்காளிகளின் நெருக்கடியை அறிந்தோர் அதனைக் குற்றமாகவும் கருதார். ஆனால் ஒரு வீடு பிரிக்கப்படும் முன், எப்பொருள் எக்கட்டில் எதனருகே இருந்தது, அதன் அடியிலும் விளிம்பிலும் என்ன எழுதப்பட்டுள்ளது, அதனைப் பெற்றவர் அதுபற்றி என்ன கூறுகிறார் என்னும் மூன்றினையும் பதிவுசெய்தல் இயலும். நிழற்படக் கருவியும் குறிப்பேடும் அதற்குப் போதும். சீர் பெற்ற பெண்களுள் முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். பாத்திரம் எங்கேனும் ஓரிடத்தில் இருக்கும். அதனைப் படித்துக்காட்ட அறிந்தவர்கள் இருக்கும் காலம் குறுகியது.