உயிர் காக்கும் ஊசி

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெருவில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் குளவி கொட்டிவிட்டது. கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவினார்கள். சிறிது நேரத்தில் உடலெங்கும் தடிப்புகள் எழுந்தன, உதடு வீங்கியது, குரல் கம்மியது. "காலேஜிலே சயின்ஸ் படிக்கிறியே தம்பி, என்ன செய்யலாம் சொல்லு" என்று அவன் தாய் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அரிப்பு மாத்திரை வாங்கக் கடைக்கு ஓடினேன். நல்லவேளையாக, பக்கத்து வீட்டு அண்ணன் அவனை ஆட்டோவில் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார். அங்கே தொடையில் போட்ட ஊசியால் சிறுவன் பிழைத்தான். அந்த ஊசி அட்ரினலின். அதைப் பற்றிப் பிறகு நான் படித்தறிந்ததே இக்கட்டுரை.

பிரெஞ்சு அறிஞர்களான ரிஷேயும் போர்ட்டியேயும் கடல் அனிமோனின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி ஆராய்ந்தனர். முதன்முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்கள் கழித்துச் சிறிதளவு கொடுத்தபோதே மாண்டது. இந்நிலைக்கு 1902-இல் 'அனபிலாக்சிஸ்' எனப் பெயரிட்டனர். 1913-இல் ரிஷே நோபல் பரிசு பெற்றார்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருளே இங்கு வினையாகிறது. ஒருமுறை பழகிய பொருள் மீண்டும் நுழைந்ததும், மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் முதலியவற்றை வெளிவிடுகின்றன. இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் வீழ்கிறது, மூச்சுக்குழல் சுருங்குகிறது. குழந்தைகளுக்குப் பால், முட்டை, வேர்க்கடலை, சில மருந்துகள், பூச்சிக்கடி ஆகியவை காரணமாகலாம்.

மாத்திரை போதாதா? போதாது. அது ஹிஸ்டமினை மட்டுமே தடுக்கும். வேலை செய்யவும் நேரமாகும். அட்ரினலினோ விரிந்த குழாய்களைச் சுருக்கி, சுருங்கிய மூச்சுக்குழலை விரிக்கிறது. எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வீதம், அதாவது 20 கிலோ குழந்தைக்கு 0.2 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில் மருத்துவரோ செவிலியரோ போடுவர். குணம் தெரியாவிடில் ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் போடுவர்.

அதுவரை நாம் செய்ய வேண்டியவை சில. தடிப்புடன் மூச்சுத்திணறலோ, குரல் மாற்றமோ, தொடர் வாந்தியோ, துவண்டு விழுதலோ கண்டால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். குழந்தையைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் கால்நீட்டி உட்காரவைக்கலாம். எழுந்து நடக்க விடவே கூடாது. வாயில் எதையும் புகட்டக் கூடாது. தேறிய பின்னும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம். ஆகவே மருத்துவர் சொல்லும்வரை வீடு திரும்பலாகாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நம்மில் பலரும் அப்படியே. நம்மை நம்பிக் கேட்கும் தாய்மாருக்கு அடுத்த முறையாவது நாம் சரியான விடை சொல்ல வேண்டாமா?