பசுந்தேயிலைக்கு விலை வைக்கும் மலைச்சாலை

பறித்த தேயிலைக் கொழுந்து சில மணி நேரத்துக்குள் தொழிற்சாலையின் வாட்டும் தொட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். பறித்த பிறகும் இலை சுவாசிக்கிறது. சாக்கில் அமுக்கி அடைத்தால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த இலையில் நல்ல தூள் வராது. ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் இலை வேண்டும் என்பதால் சுமையும் அதிகம். நீலகிரியின் சிறு விவசாயிகள் இந்த அவசரச் சுமையைக் குண்டும் குழியுமான பாதைகளில் இறக்க வேண்டியிருக்கிறது.

கோகோ கொள்முதலில் நிலைமை வேறு. ஆப்பிரிக்காவின் கானாவில் விவசாயிகள் கோகோ விதையைப் புளிக்கவைத்து, உலர்த்தி, மூட்டை கட்டிவிடுகிறார்கள். சாலை மோசமானால் மூட்டை சில நாள் காத்திருக்கும். ரொக்கத்தோடு கிராமத்துக்குப் போகும் கொள்முதல் ஊழியருக்குத்தான் வழிப்பறி பயம். நீலகிரியிலோ இலைப்பணம் பெரும்பாலும் பிறகு வங்கிக் கணக்கில் வருகிறது. ஆபத்து இலைக்கும் அதைச் சுமப்பவருக்கும்தான்.

இலையை வாங்குபவை தனியார் தொழிற்சாலைகளும் கூட்டுறவுத் தொழிற்சாலைகளும். முதல் கூட்டுறவுத் தொழிற்சாலை 1962ல் குந்தாவில் தொடங்கியது. 1965ல் அவற்றின் இணையமாக இண்ட்கோசர்வ் உருவானது. மஞ்சூர், பிக்கட்டி, கிண்ணக்கொரை போன்ற உள்ளூர்களிலேயே கூட்டுறவு ஆலைகள் அமைந்ததால் இலை போகும் தூரம் குறைந்தது. ஆனால் தோட்டத்திலிருந்து வண்டி நிற்கும் இடம்வரை தலைச்சுமைதான். ஓர் ஊருக்கு இலை சேகரிக்கும் ஒரே ஏஜென்டின் வண்டிதான் வருமென்றால், இலையின் ஈரத்துக்காக அவர் பிடிக்கும் கழிவையும் சொல்லும் எடையையும் விவசாயி மறுக்க முடிவதில்லை. மறுத்தால் இலை மாலைக்குள் வீணாகும். நல்ல சாலை இருந்தால் இரண்டாவது வண்டி வரும். பேரம் பேச அந்த ஒன்றே போதும்.

இழப்பு அந்த ஊரோடு நிற்பதும் இல்லை. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பசுந்தேயிலை விலை, தூளின் ஏல விலையைப் பொறுத்தது. வழியில் நசுங்கிச் சிவந்த இலை தூளின் தரத்தைக் குறைக்கிறது. ஏலத்தில் விலை இறங்கினால் நல்ல இலை கொடுத்தவருக்கும் குறைவாகவே கிடைக்கிறது.

கூடலூர், பந்தலூர் பகுதிகளில் பாதையே அச்சம் தருகிறது. சேரம்பாடி, தேவாலா பக்கம் யானைகள் தோட்டங்களுக்குள் நடமாடுகின்றன. பந்தலூர் அருகே 2024 ஜனவரியில் சிறுத்தை தாக்கி மூன்று வயதுக் குழந்தை இறந்தது. வண்டி தாமதமானால், இருட்டும்வரை சாலையோரத்தில் மூட்டையோடு காத்திருப்பவர்களில் பெண்கள் அதிகம். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் (பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் உரிமை முடிவாகாததால், சாலையும் மின்விளக்கும் போடுவதிலேயே சிக்கல் இருக்கிறது.

மழை இன்னொரு பகை. 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீக்கு மேல் மழை கொட்டியது. பாதை துண்டிக்கப்பட்டால் கொழுந்து செடியிலேயே முற்றிப்போகும். அந்தப் பறிப்புச் சுற்றின் கூலியும் வருமானமும் சேர்ந்தே போகும்.

மலைச்சாலையைத் தின்பது பெரும்பாலும் வடியாத தண்ணீர். வடிகாலும் தடுப்புச்சுவரும் இல்லாமல் தார் மட்டும் போட்டால் அடுத்த மழையிலேயே பெயர்ந்துவிடும். இலை வண்டி போகும் ஊர்ச்சாலைகளுக்கு இவை மூன்றையும் ஒரே மதிப்பீட்டில் சேர்த்து, தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே வேலையை முடிக்க வேண்டும். வண்டி நிற்கும் இடங்களில் கூரையும் விளக்கும் உள்ள இலைக்கொட்டகை கட்டித் தருவது ஊராட்சிகளாலேயே முடியக்கூடிய காரியம். அதை இந்த ஆண்டே தொடங்கலாம்.