ஹஜ் வரியில் தொடங்கி ஜூரோங் வரை: சவூதி அரேபியாவின் கதை

தாமான் ஜூரோங்கில் உள்ள அஸ்ஸாகிரின் பள்ளிவாசலில் தொழுகைக்கு நிற்பவர்கள் மேற்கே, சற்று வடக்குச் சாய்வாக முகம் திருப்பி நிற்கிறார்கள். மக்கா இருக்கும் திசை அது. தெற்கே, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜூரோங் தீவில் கப்பல்கள் இறக்கும் கச்சா எண்ணெயில் ஒரு பங்கு அதே நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து வருகிறது. மக்கா, எண்ணெய்: சவூதி அரேபியா என்றதும் சிங்கப்பூரில் நம் நினைவுக்கு வருபவை இவை இரண்டும்தான். இரண்டையும் தனித்தனிச் செய்திகளாகவே படித்துப் பழகிவிட்டோம். உண்மையில் மக்காவுக்குப் போகும் கூட்டம் குறைந்ததால்தான் அந்த மண்ணில் எண்ணெய் தேடும் உரிமை விற்கப்பட்டது. கூட்டம் குறைந்ததற்கு மலாயாவின் ரப்பர் விலையும் ஒரு காரணம்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். பரப்பளவு ஏறத்தாழ 21.5 லட்சம் சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல 2,900 மடங்கு. அவ்வளவு பெரிய நாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. தெற்கே ரூபுல் காலி என்னும் மணற்பரப்பு ஓமான், ஏமன், ஐக்கிய அரபு சிற்றரசுகள் வரை நீண்டு சுமார் 6.5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு விரிகிறது. வடக்கே நஃபூத் பாலைவனம். இரண்டையும் தஹ்னா என்னும் மணல் வளைவு இணைக்கிறது. ஆனால் நாடு முழுவதும் மணல் என்று நினைத்துவிடக் கூடாது. தென்மேற்கே அசீர் மலைகள் 3,000 மீட்டர் அளவுக்கு உயர்கின்றன. அங்கே மழை பெய்கிறது, படிக்கட்டு வயல்களில் விவசாயம் நடக்கிறது. மலைமேல் இருக்கும் தாயிஃப் நகரம் ரோஜாவுக்குப் பேர் போனது.

மேற்குக் கரையோரம் ஹிஜாஸ். மக்கா, மதீனா, ஜித்தா துறைமுகம் எல்லாம் அங்கே இருக்கின்றன. நடுவில் நஜ்து மேடு. அரச குடும்பத்தின் தாயகம். கிழக்கில் பேரீச்சந்தோப்புகள் நிறைந்த அல் அஹ்ஸா. எண்ணெய் இருப்பது அந்தப் பக்கம். ஷியா முஸ்லிம்கள் அதிகம் வாழ்வதும் அங்கேதான். மூன்றும் வெவ்வேறு உலகங்கள். ஜித்தாவின் பழைய தெருக்களில் ஏமன், இந்தியா, ஜாவா, ஆப்பிரிக்கா என்று எல்லாப் பக்கத்து முகமும் கலந்திருக்கும். நஜ்தோ வெளியாட்களை அதிகம் பார்க்காத உள்நாடு.

அந்த உள்நாட்டில்தான் ஆட்சி பிறந்தது. 1744-ல் திரிய்யா என்ற சிற்றூரின் தலைவர் முஹம்மது இப்னு சவூதும் மார்க்க அறிஞர் முஹம்மது இப்னு அப்துல் வஹ்ஹாபும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வாள் ஒருவருடையது, போதனை மற்றவருடையது. 1818-ல் உதுமானியப் பேரரசுக்காக எகிப்திலிருந்து வந்த இப்ராஹிம் பாஷாவின் படை திரிய்யாவைத் தரைமட்டமாக்கியது. அதன்பின் எழுந்த இரண்டாவது ஆட்சியும் 1891-ல் வீழ்ந்தது. குவைத்தில் அடைக்கலம் புகுந்திருந்த அந்தக் குடும்பத்தின் இளைஞர் அப்துல் அஜீஸ் 1902 ஜனவரியில் சிறு படையோடு வந்து ரியாத்தைப் பிடித்தார். 1925-ல் ஹிஜாஸ் முழுவதும் அவர் வசமானது. 1932 செப்டம்பர் 23 அன்று சவூதி அரேபியா என்ற பெயரில் முடியரசு அறிவிக்கப்பட்டது.

பெயர் பெரிதாக இருந்தது, கஜானா காலியாக இருந்தது. அப்போது அரசரின் முதன்மை வருமானம் ஹஜ்ஜுக்கு வருபவர்கள் கட்டிய வரியும் கட்டணமும்தான். 1920-களின் கடைசியில் வெளிநாடுகளிலிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் வரை வந்தார்கள். அவர்களில் மிகப் பெரிய கூட்டம் டச்சு இந்தியத் தீவுகளிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்தது. பலருக்குக் கப்பல் ஏறும் இடம் சிங்கப்பூர். அரபு ஸ்திரீட்டையும் புசோரா ஸ்திரீட்டையும் சுற்றிய கடைவீடுகளில் வாரக்கணக்கில் தங்கி, சாமான் வாங்கி, கப்பலுக்குக் காத்திருப்பார்கள். பயணம் எளிதல்ல. 1880 ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து 900-க்கும் அதிகமானோரை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘ஜித்தா’ என்ற கப்பலில் தண்ணீர் புகுந்தபோது, ஐரோப்பிய அதிகாரிகள் பயணிகளைக் கைவிட்டுப் படகில் தப்பினார்கள். கப்பல் மூழ்கவில்லை, வேறொரு கப்பல் அதை ஏடனுக்கு இழுத்துச் சென்றது. ஜோசப் கான்ராடின் ‘லார்ட் ஜிம்’ நாவலுக்கு விதை அந்தச் சம்பவம்தான்.

1929-க்குப் பிறகு உலகப் பொருளாதாரம் சரிந்தது. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. மலாயாவிலும் சுமத்ராவிலும் சிறு தோட்டக்காரர்களின் கையில் காசு இல்லை. ஹஜ் பயணம் தள்ளிப்போனது. மற்ற நாடுகளிலும் இதே நிலைதான். 1933-ல் மக்காவுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 20,000 பேராகக் குறைந்தார்கள். நம் தமிழர் தோட்டத் தொழிலாளர்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிய அதே ரப்பர் வீழ்ச்சி, செங்கடல் கரையில் ஓர் அரசரையும் கடனாளி ஆக்கியது. வரலாற்றுப் பாடத்தில் இந்த இரண்டையும் யாரும் ஒரே பக்கத்தில் எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

அப்துல் அஜீஸ் முதலில் தேடியது எண்ணெயை அல்ல, தண்ணீரை. 1931-ல் சார்ல்ஸ் கிரேன் என்ற அமெரிக்கச் செல்வர் தம் செலவில் கார்ல் ட்விச்சல் என்ற பொறியாளரை நீரூற்று பார்க்க அனுப்பினார். தண்ணீர் சொல்லும்படி கிடைக்கவில்லை. கிழக்கில் எண்ணெய் இருக்க வாய்ப்புண்டு என்ற தகவல் கிடைத்தது. 1933 மே 29 அன்று கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. முன்பணம் தங்கமாகவே வேண்டும் என்றார் அரசர். 35,000 தங்க சவரன்கள் கப்பலில் ஜித்தா வந்தன. டச்சு வங்கியின் மேசை மேல் கொட்டி, நிதியமைச்சர் அப்துல்லா சுலைமான் பார்த்திருக்க, ட்விச்சலே ஒவ்வொன்றாக எண்ணினார். பாலைவனத் துறைமுகத்தில் டச்சு வங்கிக்கு என்ன வேலை? ஜாவா, சுமத்ரா ஹாஜிகளின் பணத்தைக் கையாளத் திறக்கப்பட்ட கிளை அது. ஹாஜிகள் குறைந்துபோன வங்கியின் மேசையில்தான் எண்ணெய்க் காலம் எண்ணித் தொடங்கியது.

கிழக்குக் கரையின் தம்மாமில் தோண்டிய முதல் கிணறுகள் ஏமாற்றின. 7-ஆம் எண் கிணறு 1938 மார்ச்சில் பீறிட்டது. 1948-ல் கவார் வயல் கண்டறியப்பட்டது. சுமார் 280 கிலோமீட்டர் நீளம், உலகிலேயே பெரியது. அதே ஆண்டுகளில், அந்த ஒப்பந்தத்தின் வழி உருவான அராம்கோ எண்ணெய் நிறுவனத்தின் பங்குகள் நான்கு அமெரிக்க நிறுவனங்களின் கைக்கு வந்தன: பின்னாளின் செவ்ரான், டெக்சகோ, எக்ஸான், மொபில். ஜூரோங்வாசிகளுக்கு இந்தப் பெயர்கள் அந்நியமல்ல. மொபில் 1960-களில் ஜூரோங்கில் சுத்திகரிப்பு ஆலை கட்டியது. எக்ஸானின் எஸ்ஸோ ஆயர் சாவான் தீவில் கட்டியது. மெர்லிமாவ் தீவு ஆலையில் செவ்ரானும் டெக்சகோவும் சேர்ந்து நடத்திய கால்டெக்ஸ் பங்குதாரர் ஆனது. பின்னர் அந்தத் தீவுகளையெல்லாம் மண் கொட்டி ஒன்றாக்கி, 2000 அக்டோபரில் ஜூரோங் தீவு திறந்துவைக்கப்பட்டது. அராம்கோவை சவூதி அரசு 1973 முதல் படிப்படியாக வாங்கி, 1980-ல் முழுதும் தனதாக்கிக்கொண்டது.

எண்ணெய்ப் பணம் வாங்கித் தந்தவற்றுள் முக்கியமானது தண்ணீர். கடல்நீரைக் குடிநீராக்குவதில் உலகில் முதலிடம் சவூதிக்கு. வளைகுடாக் கரையில் சுத்திகரித்த நீரைக் குழாய் வழியே 400 கிலோமீட்டருக்கும் மேல் கொண்டுபோய், கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரியாத்துக்கு ஏற்றுகிறார்கள். துவாஸிலும் ஜூரோங் தீவிலும் உப்பு நீக்கும் ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தவிப்பு புரியும். ஆனால் அங்கே ஒரு பெரும் தவறும் நடந்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் தேங்கி, இனி ஊறவே ஊறாத நீரை இறைத்துக் கோதுமை பயிரிட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 40 லட்சம் டன் விளைந்து, பாலைவன நாடு கோதுமை ஏற்றுமதி செய்தது. 2008-ல்தான் அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. 2016-க்குள் உள்நாட்டுக் கொள்முதலை நிறுத்தியது. எண்ணெயை விற்றதைவிட அந்த நீரைக் கோதுமையாக்கி விற்றதுதான் பெரிய இழப்பு என்று நான் கருதுகிறேன். எண்ணெய்க்கு மாற்று உண்டு.

மார்க்க விஷயத்தில் தமிழ் முஸ்லிம்களுக்கும் சவூதிக்கும் உள்ள தூரத்தையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி அல்லது ஹனஃபி வழியினர். சவூதி ஆட்சியின் வழி ஹன்பலி. தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் 1830 அளவில் நாகூர் தர்கா கட்டியவர்கள் நம் முன்னோர். சவூதியிலோ அடக்கத்தலங்களின் மேல் கட்டடம் எழுப்புவது கூடாது என்பது கொள்கை. மதீனாவின் பகீஃ அடக்கத்தலத்தில் இருந்த குவிமாடங்கள் 1920-களில் இடிக்கப்பட்டன. 1979 நவம்பரில் ஆயுதக்குழு ஒன்று மக்காவின் பெரிய பள்ளிவாசலையே இரண்டு வாரம் பிடித்து வைத்தது. அதை அடக்கிய பிறகு, அரசு மார்க்கக் காவலர்களின் பிடியை மேலும் இறுக்கியது.

அந்தப் பிடி அண்மையில்தான் தளர்ந்திருக்கிறது. 2018 ஏப்ரலில் ரியாத்தில் திரையரங்கு திறந்தது. ஜூன் 24-ல் பெண்கள் காரோட்ட அனுமதி வந்தது. அதற்காகக் குரல் கொடுத்த லுஜைன் அல் ஹத்லூல் முதலிய பெண்களைச் சில வாரங்களுக்கு முன்தான் சிறையில் அடைத்திருந்தார்கள். திறப்பும் அடக்குமுறையும் சேர்ந்தே நடக்கின்றன. வார விடுமுறை வெள்ளி, சனி. மதுவுக்குப் பொதுவில் இடமில்லை. விருந்தாளிக்கு முதலில் வருவது சிறு கோப்பையில், ஏலக்காய் மணக்கும் இளம்பழுப்பு நிற கஹ்வாவும் பேரீச்சம்பழமும். சர்க்கரை சேர்ப்பதில்லை, போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போடிநாயக்கனூர்ச் சந்தையின் ஏலக்காய்க்கு அந்த நாடு பழைய வாடிக்கை.

2022 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 3.22 கோடி, அதில் பத்துக்கு நான்கு பேர் வெளிநாட்டவர். ஜூரோங், துவாஸ் விடுதிகளில் தங்கிக் கப்பல் பட்டறைகளில் உழைக்கும் தம்பிமாரிடம் கேட்டுப் பாருங்கள்: அண்ணனோ மச்சானோ தம்மாமிலோ ஜுபைலிலோ இருப்பார். அங்கே பல காலம் கஃபீல் எனப்படும் முதலாளியின் கையெழுத்து இல்லாமல் வேலை மாறவும் முடியாது, நாட்டை விட்டு வெளியேறவும் முடியாது. 2021 மார்ச்சில் அந்த விதிகள் தளர்த்தப்பட்டன. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் அந்தச் சீர்திருத்தத்தில் சேர்க்கப்படவில்லை. இலங்கையின் மூதூரிலிருந்து 2005-ல் போன ரிஸானா நஃபீக்கை மறக்க முடியுமா? அவள் பொறுப்பில் இருந்த குழந்தை இறந்த வழக்கில் மரண தண்டனை. கடவுச்சீட்டில் வயது கூட்டிப் போடப்பட்டிருந்தது. குடும்பத்தார் சொன்ன கணக்கில் சம்பவத்தின்போது அவளுக்கு 17. அந்நாட்டுச் சட்டப்படி குழந்தையின் பெற்றோர் மன்னித்திருந்தால் உயிர் தப்பியிருப்பாள். 2013 ஜனவரியில் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

சிங்கப்பூரிலிருந்து ஹஜ்ஜுக்குச் செல்ல சவூதி ஒதுக்கும் இடங்கள் குறைவு. 2019-ல் அது 900 ஆனது. முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் வழியாகப் பெயர் பதிந்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர்களில் முதியவர்கள் அதிகம். 2024 ஜூனில் மக்காவில் வெப்பம் 51 பாகையைத் தாண்டியது. 1,301 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் அனுமதி பெறாமல், நிழலும் குளிர்சாதனமும் இல்லாமல் நடந்தவர்கள். பிறைக் கணக்கில் ஹஜ் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்கிறது. கடுங்கோடையை விட்டு இப்போது விலகத் தொடங்கிவிட்டது. 2030-க்குள் ஏப்ரலுக்கும், அடுத்த சில ஆண்டுகளில் மார்ச்சுக்கும் வந்துவிடும். இன்று பட்டியலில் பெயர் இருக்கும் ஜூரோங் பெரியவர்கள் பலரும் வெயில் சற்றுத் தணிந்த அந்த மாதங்களில்தான் அரஃபாத் வெளியில் நிற்பார்கள்.