கண்ணகிக்கு 12 வயது

"சித்தி, கல்யாணம் ஆனப்போ கண்ணகிக்கு எத்தனை வயசு?"

போன மே விடுமுறையில் எங்கள் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழு பேரோடு ஒரு சிலப்பதிகார நாள் நடத்தினோம். காலை பத்து மணிகூட ஆகவில்லை. ஏழாம் வகுப்பு முடித்திருந்த அக்கா மகள் இப்படிக் கேட்டாள். மங்கல வாழ்த்துப் பாடலிலேயே விடை இருக்கிறது. கண்ணகிக்கு 12, கோவலனுக்கு 16. சொன்னேன். "அப்போ என் வயசு" என்றாள்.

'அந்தக் காலம் அப்படி' என்று சொல்லிக் கடந்துவிடலாம். பெரும்பாலும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் கேட்ட பிள்ளைக்கு வேண்டியது இந்தக் காலத்தின் பதில். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006இன்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைய வேண்டும். மீறி நடத்தினால் இரண்டாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தாலி எடுத்துக் கொடுத்த பெரியவர்களும் தப்ப முடியாது. திருமணம் நடந்தே போயிருந்தாலும், குழந்தையாக மணம் முடிக்கப்பட்டவர் அதை ரத்து செய்யக் கேட்டு நீதிமன்றம் போகலாம். மேஜராகி இரண்டாண்டு முடியும்வரை அந்த வாசல் திறந்திருக்கும். நடக்கப் போகிறது என்று தெரிந்தால் 1098க்கு ஒரு போன் போதும், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலரிடமும் சொல்லலாம். பத்திரிகை அடித்துவிட்டார்களே, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்களே என்று தயங்க வேண்டியதில்லை. நடக்குமுன் தடையாணை வாங்கச் சட்டத்தில் இடமுண்டு. அதை மீறிக் கட்டிய தாலி செல்லாது. இவ்வளவையும் பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் வகுப்பில் யாராவது ஒருத்திக்கு என்றைக்காவது அந்த 1098 தேவைப்படலாம்.

பழங்கதையை வீட்டில் சொல்லும்போது எதை எந்த வயதுக்குச் சொல்வது என்பதை முதல் நாளே பெரியவர்கள் பேசி வைத்துக்கொள்வது நல்லது. கண்ணகி தன் மார்பைத் திருகி எறிவதை ஐந்து வயதுக் குழந்தையிடம் விவரிக்க வேண்டியதில்லை. ஊர் எரிந்தது என்றால் போதும். மாதவி ஐந்து வயதில் ஆட்டம் பழகத் தொடங்கி 12 வயதில் அரங்கேறினாள் என்பது சின்னவர்களுக்கு. அவள் மாலையை 1008 கழஞ்சுப் பொன் கொடுத்து வாங்குபவனுக்கே அவளும் என்று தெருவில் விலை கூறப்பட்டதைப் பெரிய பிள்ளைகளோடு பேசலாம். பேசவும் வேண்டும். அந்த விலையில் அவள் விருப்பத்தை யார் கேட்டார்கள் என்று எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டான். நான் யோசித்து வைத்திருந்த எந்தக் கேள்வியையும்விட நல்ல கேள்வி.

சிலம்பு செய்வதுதான் அந்த நாளின் பெரிய வேலை. கெட்டியான அட்டையைக் குழாயாகச் சுருட்டி, உள்ளே பரல் போட்டு, தங்கநிறத் தாள் ஒட்ட வேண்டும். பாண்டிமாதேவி சிலம்புக்கு வெள்ளை மணி, கண்ணகி சிலம்புக்குச் சிவப்பு மணி. அந்த மணிகளில்தான் ஆபத்து. மூன்று வயதுக்குக் கீழே ஒரு குழந்தை வீட்டில் இருந்தாலும் மணி வேலையை மேசை மேல் வையுங்கள், தரையில் வேண்டாம். முடிந்ததும் எண்ணி எடுங்கள். மூக்கில் மணி போய்விட்டால் ஹேர்பின்னால் நோண்டக் கூடாது, இன்னும் உள்ளே போகும். மருத்துவரிடம்தான் போக வேண்டும். 'மின்னும் சிலம்பு' செய்யலாமே என்று ஒருவர் பொத்தான் அளவு பேட்டரி வைத்த விளக்குகள் வாங்கி வந்தார். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன், அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அந்தப் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருந்து பார்க்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வண்டி இல்லையென்றால் 108.

மதுரை எரிவதை நிஜ நெருப்பு வைத்துக் காட்டவே கூடாது. எரிக்கச் சொல்லும்போதுகூடக் குழந்தைகளையும் முதியோரையும் விட்டுவிடு என்றுதான் கண்ணகி தீக்கடவுளிடம் சொல்கிறாள். நாங்கள் மேசை விசிறியில் சிவப்புத் தாள் கீற்றுகளைக் கட்டிப் படபடக்க விட்டோம். யாருக்காவது சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். இங்க், பற்பசை, நெய் எதுவும் வேண்டாம்.

மதியச் சாப்பாட்டுக்குக் காப்பியமே பட்டியல் தருகிறது. கோவலனுக்குக் கண்ணகி சமைத்த கடைசி உணவுக்காக ஆயர் பெண்கள் கொண்டுவந்து கொடுத்தவை பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், அரிசி, பால் நெய் வகை. பரிமாறியது வாழைக் குருத்தில். யாருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்று முன்கூட்டியே வீட்டில் கேட்டுக்கொண்டோம்.

இனி புத்தகம், படம் பற்றி. இளங்கோவடிகளின் மூலத்துக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். அதை 1892இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் 1942இல் மறைந்தார்; நாட்டார் உரை எழுதிய ந.மு.வேங்கடசாமி நாட்டார் 1944இல். நம் நாட்டில் ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுதான் பதிப்புரிமை, ஆக இருவர் உழைப்பும் இன்று பொதுச்சொத்து. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். நேற்று வந்த சித்திரக்கதைப் புத்தகம் அப்படியல்ல. ஒரு பக்கத்தைக் காட்டிப் பாடம் நடத்தலாம். முழுப் புத்தகத்தையும் ஏழு பிரதி ஜெராக்ஸ் எடுப்பது வேறு. நாடகத்துக்குப் பின்னணியாகச் சினிமாப் பாட்டு ஓடினால் வீட்டுக்குள் ஒன்றும் இல்லை. அதையே யூடியூபில் ஏற்றினால் உரிமையாளர் முடக்கலாம்.

ஒன்றை மறந்துவிடுகிறோம். குழந்தை வரைந்த கண்ணகிக்குப் பதிப்புரிமை அந்தக் குழந்தைக்குத்தான். எட்டு வயதானாலும் அவளே படைப்பாளி. ஓவியப் போட்டி நடத்துகிறவர் அதை நாட்காட்டியில் அச்சிட நினைத்தால் அவள் வீட்டாரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

போட்டோ விஷயம் இன்னும் சிக்கல். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்கிறது, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆனால் தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்குத் தனிநபர் செய்வதை அது தொடுவதில்லை. எதிர்வீட்டு மாமா நம் குழந்தை படத்தை ஸ்டேட்டஸில் போட்டால் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. "அங்கிள், எடுத்துடுங்க" என்றுதான் தொடங்க வேண்டும். அதனால் அழைக்கும்போதே குழுவில் சொல்லிவிட்டோம்: படம் எடுக்கலாம், வெளியே போடக் கூடாது, பள்ளிச் சீருடையும் வீட்டு எண்ணும் தெரியக் கூடாது. கேட்டும் ஒருவர் படத்தை நீக்காவிட்டால் அது உள்ள தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்பலாம். படத்தை யாராவது ஆபாசமாக மாற்றியிருந்தால் அது கடும் குற்றம். ஸ்கிரீன்ஷாட்டைப் பத்துப் பேருக்கு அனுப்பாமல், இணைப்பைக் குறித்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ காவல் நிலையத்திலோ உடனே சொல்லுங்கள். 1098 இதற்கும் உதவும்.

மாலையில் கொலைக்களக் காதையும் வழக்குரை காதையும். சிறு மாற்றத்தோடு இரண்டு முறை நடத்தினோம். முதல் முறை காப்பியத்தில் உள்ளபடி: பொற்கொல்லன் சொன்னான், அரசன் நம்பினான், கோவலன் வெட்டுண்டான். இரண்டாம் முறை இன்றைய சட்டப்படி. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும், விரும்பிய வழக்கறிஞரைக் கலக்க விட வேண்டும் என்பது அரசமைப்பின் 22ஆம் பிரிவு. வழக்கறிஞருக்குக் காசில்லையே என்று கோவலன் அழுதான். காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100க்குக் கூப்பிடு என்று ஒரு காவலனே யோசனை சொன்னான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

பிறகு நீதிபதியாக உட்கார்ந்திருந்த அக்கா மகள், ஆதாரத்தைப் பார்க்க வேண்டும், சிலம்பை உடையுங்கள் என்றாள். செய்த சிறுமி இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "இது என்னோடது. உடைக்கிறதுக்கு யார் என்னைக் கேட்டீங்க?"

வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. நடத்தப் போகிறவர்கள் சிலம்பை இரண்டாகச் செய்துகொள்ளுங்கள், உடைக்க ஒன்று.