50 கிலோ மூட்டை ரெண்டு... பைத்தான் மட்டும் 5050 என்பது ஏன்?

ஏலக்காய்க்குப் பேர்போன ஊர் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர். அங்கே ஒரு மூட்டை 50 கிலோ என்றால், ரெண்டு மூட்டை எவ்வளவு? 100 கிலோனு சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

இதையே கோடிங் பழகும் ஒருவர் பைத்தானில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘இன்புட்’ கேட்கும்போது 50 என டைப் செய்கிறார். அதை 2-ஆல் பெருக்கச் சொல்கிறார். விடை 5050. எரர் எதுவும் வராது. அதுதான் சிக்கலே!

என்ன நடந்தது?

‘இன்புட்’ எதை வாங்கினாலும் எண்ணாக வாங்காது, எழுத்தாகத்தான் வாங்கும். எழுத்தை 2-ஆல் பெருக்கினால், பைத்தான் அதையே ரெண்டு முறை ஒட்டி எழுதிவிடும். ‘இன்ட்’ போட்டு எண்ணாக மாற்றிவிட்டுப் பெருக்கினால் 100 வந்துவிடும். அவ்வளவுதான்.

பைத்தானின் அதிகாரபூர்வக் கையேட்டில் இது இல்லையா? இருக்கிறது. வாங்கியதை ‘ஸ்டிரிங்’ ஆக மாற்றித் தரும் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. தெரிந்தவருக்கு அது போதும். ஸ்டிரிங் என்றாலே என்னவென்று தெரியாதவருக்கு? கம்பத்திலோ சின்னமனூரிலோ, பக்கத்தில் கேட்க ஆளில்லாமல் போனில் படிப்பவர் ‘நமக்கு இது வராதுபோல’ என்று ஒதுங்குவது இந்த இடத்தில்தான்.

பாடம் வேறு, கையேடு வேறு

பாடத்தை முதலிலிருந்து வரிசையாகப் படிப்போம். கையேட்டை மாட்டிக்கொண்ட நேரத்தில்தான் புரட்டுவோம். அதனால் கையேட்டின் ஒவ்வொரு பக்கமும் தனியாகப் படித்தாலே புரிய வேண்டும். புதியவருக்கான பக்கத்தில் இந்த நான்கும் அவசியம்:

1. இந்தக் கட்டளை எதற்கு என்று பேச்சுத் தமிழில் ஒரே வரி.

2. அப்படியே காப்பி செய்து ஓட்டிப் பார்க்க ஒரு சின்ன உதாரணம், அதன் விடையோடு. போன் திரைக்குள் அடங்கினால் நல்லது.

3. எல்லாரும் செய்யும் தப்பு, அது திரையில் எப்படித் தெரியும், எப்படிச் சரிசெய்வது.

4. ஒரு பொருளுக்கு ஒரே சொல். ஒரு பக்கத்தில் ‘மாறி’, அடுத்த பக்கத்தில் ‘வேரியபிள்’ என்றால் ரெண்டும் வேறு வேறு என்றே தோன்றும்.

தமிழில் என்ன இருக்கிறது?

முத்து அண்ணாமலை உருவாக்கி 2009-ல் அறிவித்த ‘எழில்’, தமிழிலேயே கட்டளை எழுதும் மொழி. அச்சிட ‘பதிப்பி’. நிபந்தனை முதலில் வரும், ‘ஆனால்’ பிறகு வரும். நாம் பேசும் வரிசையும் அதுதானே! 2012-ல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழில் நித்யா துரைசாமி உள்ளிட்டோர் மென்பொருள் பாடங்களை எளிய தமிழில் எழுதிவருகிறார்கள்.

ஆனால் வேலைக்குப் போகும் இடத்தில் கேட்பது பைத்தானும் ஜாவாவும்தான். கட்டளை ஆங்கிலத்தில் இருக்கட்டும், விளக்கம் தமிழில் இருந்தாலே பாதிப் பயம் போய்விடும். உதாரணமும் நமக்கு விடை தெரிந்த கணக்காக இருந்தால் இன்னும் நல்லது. ரெண்டு மூட்டை 100 கிலோ என்று தெரிந்தவருக்குத்தான், 5050-ஐப் பார்த்ததுமே ‘எங்கேயோ தப்பு’ என்று உறைக்கும்.