கொடிக்கம்பம் இல்லாத படம்

ராஜபாளையத்தில் மூடிக்கிடக்கும் மில் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் படம் எடுத்தேன். வாசலில் மின்கம்பி, கிழிந்த சுவரொட்டி, துருப்பிடித்த ஒரு கம்பம். கணினியில் எல்லாவற்றையும் துடைத்தெடுத்தேன். வானத்தைக் கறுக்கவைத்து, செங்கல்லைச் சிவக்கவைத்தேன். படம் ‘மேம்பட்டது’. அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். ‘நல்லாத்தான் இருக்கு தம்பி. எங்க சங்கக் கொடிக்கம்பம் எங்க போச்சு?’ என்றார். அந்தக் கேள்வியை விரித்துப் பார்ப்பதற்கே இந்தக் குறிப்பு.

படத்தைத் திருத்துவது கணினியோடு வந்த பழக்கமல்ல. கம்பெனி ராணுவத்தின் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் 1855-இல் பர்மாவில் எடுத்த படங்களின் நெகட்டிவ்களில் மேகங்களையும் இலைகளையும் தீட்டிச் சேர்த்தார். அக்கால ரசாயனத்துக்கு நீல ஒளிமீது கூச்சம் அதிகம். வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். 1858-இல் அவரே மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைச் சிதிலமான நிலையில் படமெடுத்தார். ஒளியை நீண்ட நேரம் உள்வாங்கும் அந்தக் காகித நெகட்டிவில் நடமாடும் மனிதர்கள் பதியமாட்டார்கள். ஆளற்ற சிதைவு என்கிற பிம்பத்தில் இந்தத் தொழில்நுட்பக் குறைபாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆளில்லாத சிதைவு தன்னை மீட்க வருகிறவனுக்காகக் காத்திருப்பதாகத் தோற்றம் தரும். காலனியச் சொல்லாடலுக்கு அது வசதியானது. ஆனால் அதே மகாலில்தான் பின்னர் 1970 வரை நீதிமன்றம் நடந்தது. வழக்குக் கட்டோடு எத்தனை பேர் அந்தத் தூண்களில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள்!

இதற்கு நேரெதிராக ஜெர்மனியின் பெக்கர் தம்பதியர் 1959 முதல் சுரங்கக் கோபுரங்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் படமெடுத்தார்கள். மேகம் மூடிய, நிழல் விழாத வானத்துக்காகக் காத்திருந்து, ஒரே மாதிரியான நேர்ப்பார்வையில் எடுத்தார்கள். சோக நாடகத்துக்கு அங்கே இடமில்லை. கட்டிடத்தின் அமைப்பு மட்டும் நம்முன் நிற்கிறது.

அப்படியானால் திருத்தவே கூடாதா? கூடும். எதைத் திருத்துகிறோம் என்பதுதான் விஷயம். ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரத்தை அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் அது பின்னால் சாய்கிற மாதிரி விழும். அது கேமராவைச் சாய்த்ததால் வந்த கோணல். கோபுரத்தில் கோணல் இல்லை. தெருவில் தள்ளிப்போய், முடிந்தால் ஒரு மாடியில் ஏறி, கேமராவைச் சாய்க்காமல் எடுக்க வேண்டும். கணினியில் முழுக்க நிமிர்த்தினால் உச்சி அகன்று அளவு கெடும்.

காரை உதிர்ந்த சுவருக்குச் சாய்வெயில் நல்லது. ஒவ்வொரு வெடிப்பும் எழுந்து தெரியும். ராஜபாளையத்தில் மேற்கே மலை நிற்பதால் மாலை வெயில் சீக்கிரமே மறைந்துவிடும். கிழக்கு பார்த்த சுவரென்றால் காலையிலேயே போய்விடலாம். இருண்ட கூடத்துக்குள் ஜன்னல் மட்டும் எரிகிறதா? முக்காலி போட்டு, வெளிச்சத்துக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று என இரண்டு மூன்று படம் எடுத்துச் சேர்க்கலாம். நம் கண் அங்கே இரண்டையும் பார்த்ததுதானே!

ஆக, கேமராவின் ஊனத்தைச் சரிசெய்வது ஒன்று. கட்டிடத்தின் வரலாற்றைத் துடைப்பது வேறொன்று. மின்கம்பி, கொடியில் காயும் சேலை, விரிசலில் முளைத்த அரசங்கன்று, பூட்டின்மேல் ஒட்டிய நோட்டீஸ் எல்லாமே அந்தப் பிரதியின் வரிகள். ‘கைவிடப்பட்ட’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். யார் கைவிட்டது? முதலாளியா, தொழிலாளியா? தொழிலாளி கைவிடப்பட்டவன். அவன் நட்ட கம்பத்தையும் அழித்துவிட்டால், மில் தானாகவே மூப்பெய்திச் செத்தது என்றாகிவிடும். அழகியலின் பெயரால் நாம் செய்யும் இரண்டாவது கதவடைப்பு இது.

மூலக்கோப்பு என்னிடம் பத்திரமாக இருந்தது. கோணலை மட்டும் நிமிர்த்தி, நிழலைக் கொஞ்சம் திறந்து, மறுபடி அச்சிட்டேன். பின்புறம் தேதி, இடம், நின்ற திசை எழுதினேன். பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, கம்பத்தின்மேல் விரல் வைத்தார். ‘இந்தா இருக்குல்ல’ என்றார்.